ஏற்காட்டுல தண்ணி 95 டிகிரில கொதிக்குது, ரிக்கார்டுல 100னு எழுதுன்னா என்ன பண்றது?

20வது கொண்டைஊசி:
மக்களே ஒரு பஞ்சாயத்து. என் தங்கச்சி ஏற்காட்டுல பிளஸ் ஒன் படிக்கறா, எந்த ஸ்கூல்னு கேக்காதீங்க சொல்ல மாட்டேன். பிசிக்ஸ் லேப்ல நியூட்டன் கூலிங் (சூடான தண்ணி எப்படி ஆறுதுன்னு பாக்கற சோதனை) பண்றதுக்கு முன்னாடி தெர்மாமீட்டர் சரியா காட்டுதான்னு பாக்கச் சொல்லியிருக்காங்க, ஐஸ்ல ஒரு ரீடிங், கொதிக்கற தண்ணில ஒரு ரீடிங். ஐஸ்ல 0 வந்துருச்சு. கொதிக்கற தண்ணில 95. பக்கத்து டேபிள்லயும் 95, ஒருத்திக்கு மட்டும் 95.5. இவ வந்தத அப்படியே அப்சர்வேஷன் நோட்டுல எழுதிட்டா. சார் வந்து சிவப்பு பேனால 95ஐ அடிச்சு மேல 100னு எழுதிட்டு, ரிக்கார்டுல இதான் வரணும் இல்லன்னா சைன் கிடையாதுன்னுட்டாராம். மத்த பிள்ளைங்க எல்லாம் 100 எழுதி சைன் வாங்கியாச்சு, இவ மட்டும் எழுத மாட்டேன்னு உக்காந்துருக்கா. வீட்டுல அம்மா என்னைய திட்டுறாங்க, நீ குடுக்கற எடம்தான்னு. யோசனை சொல்லுங்க.

தட்டுவடை செட்:
இதுல யோசிக்க என்ன இருக்கு? 100னு எழுதி சைன் வாங்கச் சொல்லுங்க. ரிக்கார்டு நோட்டு யாரு படிக்கப் போறா, வருஷக் கடைசில மூட்டை கட்டி பழைய பேப்பர் கடைக்கு போகப் போகுது. சார்கிட்ட மொறைச்சுக்கிட்டா அடுத்த வருஷம் பிளஸ் டூல இன்டர்னல் 10 மார்க் அவரு கையிலதான் இருக்கும். தியரி 70, பிராக்டிகல் 20, இன்டர்னல் 10, கணக்கு போட்டுக்கோங்க.

கோரிமேடு ப்யூரெட்:
தங்கச்சிக்கு என் சார்பா ஒரு கைதட்டல். 95 தான் சரி. ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம், அங்க காத்தழுத்தம் கீழ இருக்கறதுல 85 சதவீதம் கிட்டதான் இருக்கும். தண்ணி எப்ப கொதிக்கும்னா அதோட ஆவி அழுத்தம் வெளிய இருக்கற காத்தழுத்தத்துக்கு சமமாகறப்ப. வெளிய அழுத்தம் கம்மின்னா சீக்கிரமே கொதிச்சுரும், சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும்னு வெச்சுக்கலாம். அப்ப 1500க்கு அஞ்சு டிகிரி. கணக்கு அச்சு அசலா ஒத்துப் போகுது பாருங்க. 100ங்கறது 76 சென்டிமீட்டர் மெர்க்குரி அழுத்தத்துல மட்டும்தான். சேலம் டவுனே கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்ட இருக்குது, இங்கயே 99தான் வரும். அந்த ஸ்கூல்ல 100 வந்திருந்தாதான் தெர்மாமீட்டர தூக்கி போட்டிருக்கணும்.

மாம்பழ டவுன்:
சார் அப்படி உறுதியா சொல்லாதீங்க. நான் இப்பதான் போன்ல வெதர் பாத்தேன், ஏற்காடு பிரஷர் 1012 மில்லிபார்னு காட்டுது. சேலமும் 1012 தான் காட்டுது. அப்ப ரெண்டு எடத்துலயும் ஒரே அழுத்தம்தானே? ஸ்கூல் லேப் தெர்மாமீட்டர் எல்லாம் டஜன் கணக்குல வாங்கறது, அஞ்சு டிகிரி தப்பா காட்டுறது சகஜம். சார் சொன்னதுல தப்பே இல்ல.

கோரிமேடு ப்யூரெட்:
வெதர் ஆப்ல வர்றது அந்த எடத்தோட நிஜ அழுத்தம் கிடையாதுங்க. கடல் மட்டத்துல இருந்தா எவ்வளவு இருக்கும்னு கணக்கு போட்டு மாத்தி காட்டுறது. அப்படி மாத்தலைன்னா மேப்புல மலை இருக்கற எடமெல்லாம் புயல் சின்னம் மாதிரி தெரியும், அதுக்காகத்தான். நிஜ அழுத்தம் வேணும்னா உங்க போன்லயே பாரோமீட்டர் சென்சார் இருக்கான்னு பாருங்க, எல்லா போன்லயும் இருக்காது, இருந்தா அதுக்குன்னு தனி ஆப் இருக்குது. ஏற்காடு ஏரிக்கரைல நின்னு பாத்தீங்கன்னா 850 பக்கத்துல காட்டும்.

ரிடையர்டு பிஜி:
நான் பிசிக்ஸ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவன். அந்த ஆசிரியர் பக்கமும் யாராவது பேசணும் இல்லையா, நான் பேசறேன். ப்யூரெட் தம்பி சொன்ன தியரில குத்தம் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு எடுத்த 95 உயரத்தால வந்த 95னு உங்களுக்கு எப்படி தெரியும்? ஐஸ்ல 0 காட்டுச்சுன்னா 0 கிட்ட சரியா இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். உள்ள மெர்க்குரி ஏறற துளை மேல போகப் போக ஒரே சீரா இல்லன்னா 0ல சரியா காட்டி 100ல தப்பா காட்டும். அப்பறம் தெர்மாமீட்டர ஆவில வெச்சாளா, தண்ணிக்குள்ள முக்குனாளா, பீக்கர் அடியில முட்டிக்கிட்டு இருந்துச்சா, தண்டு முழுக்க வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சா? இதெல்லாம் கேக்காம "அச்சு அசலா ஒத்துப் போகுது"ன்னு சொல்றதும், பாக்காம 100னு எழுதறதும் என் பார்வையில ஒரே வகைதான். ரெண்டு பேருமே முன்னாடியே மனசுல வெச்சிருந்த விடைய வெச்சுத்தான் ரீடிங்க ஒத்துக்கறீங்க.

தட்டுவடை செட்:
சபாஷ் சார். இத சொல்ல இத்தன நேரமா ஆளு இல்ல.

20வது கொண்டைஊசி:
சார் அவகிட்ட கேட்டுட்டேன். ரவுண்ட் பாட்டம் ஃபிளாஸ்க், கார்க்ல ஓட்டை போட்டு தெர்மாமீட்டர் சொருகி, குமிழ் தண்ணிய தொடாம ஆவில இருக்கற மாதிரிதான் வெச்சாங்களாம். நீங்க கேட்ட கேள்வி எல்லாம் அந்த சார் கேட்டிருந்தா இந்த போஸ்ட்டே நான் போட்டிருக்க மாட்டேன். இவ "சார் நம்ம மலை மேல இருக்கறதால இருக்குமோ"ன்னு கேட்டிருக்கா. அதுக்கு அவரு "புக்குல என்ன போட்டிருக்கு, அத எழுது"ன்னு சொல்லிட்டு அடுத்த டேபிளுக்கு போயிட்டாராம். அவ்வளவுதான் நடந்தது.

மூக்கனேரி கொக்கு:
இது ஏற்காட்டுல மட்டும் நடக்கற கூத்து இல்ல. நாங்க சேலத்துல சிம்பிள் பெண்டுலம் பண்ணப்ப எல்லாரு ரிக்கார்டுலயும் ஜி வேல்யூ (புவியீர்ப்பு முடுக்கம்) 9.81. எவனுக்கும் 9.7 வரல, எவனுக்கும் 9.9 வரல. எப்படி வரும், கடைசி வரில 9.81 எழுதி வெச்சுட்டு அங்க இருந்து பின்னாடியே கணக்கு போட்டுக்கிட்டு போயி டைம் பீரியட நிரப்புனா வேற எப்படி வரும்? இதுல காமெடி என்னன்னா சேலத்துல ஜி 9.81 கிடையவே கிடையாது. பூமத்திய ரேகைகிட்ட 9.780, துருவத்துல 9.832, நம்ம அட்சரேகைக்கு 9.782, சேலம் உயரத்தையும் சேத்து பாத்தா 9.78ன்னு வரும். புத்தகத்துல இருக்கற 9.80665 என்பது 1901ல உலகத்துக்கே பொதுவா இருக்கட்டும்னு முடிவு பண்ணி வெச்ச நம்பர், ஏறக்குறைய 45 டிகிரி அட்சரேகை ஊருக்கு பொருந்தும். ஆக மொத்தம் நாங்க ஒரு கிளாஸ் ஃபுல்லா ஐரோப்பாவுல போயி பெண்டுலம் ஆட்டிட்டு வந்திருக்கோம்.

தட்டுவடை செட்:
9.78க்கும் 9.81க்கும் என்னய்யா பெரிய வித்தியாசம், காப்பில ஒரு சொட்டு தண்ணி சேந்த கதை. அத வெச்சு ராக்கெட்டா விடப் போறீங்க?

ரிடையர்டு பிஜி:
கொக்கு தம்பி, உங்க கணக்கு சரி, ஆனா உங்க லேப்ல அந்த வித்தியாசத்த பாத்திருக்க முடியுமா? 1 மீட்டர் நூல், 20 ஆட்டம், மொத்தம் 40 செகண்ட். ஸ்டாப் வாட்ச் அமுக்கறதுல 0.2 செகண்ட் முன்ன பின்ன ஆகும். அது அரை சதவீதம், ஜி கணக்குல டைம் ஸ்கொயர் ஆகறதால ஒரு சதவீதம். அப்ப உங்க நேர்மையான விடை 9.7ல இருந்து 9.9 வரைக்கும் எங்க வேணா விழலாம். 9.78 தான் வந்துச்சுன்னு ஒருத்தன் எழுதுனா அவனையும் நான் நம்ப மாட்டேன்.

மூக்கனேரி கொக்கு:
அதேதான் சார் நானும் சொல்றது! முப்பது பசங்க பண்ணா 9.7, 9.85, 9.79ன்னு சிதறித்தான் வரணும். அப்படி சிதறி வந்தா அந்த லேப் நடந்துச்சுன்னு அர்த்தம். எல்லாருக்கும் 9.81ன்னா நடக்கலைன்னு அர்த்தம். அப்பறம் 20 ஆட்டத்துக்கு பதிலா 100 ஆட்டம் எண்ணச் சொல்லியிருந்தா தப்பு அஞ்சுல ஒரு பங்கா குறையும், மூணு நிமிஷம் இருபது செகண்ட் நிக்கணும் அவ்வளவுதான், யாராவது சொன்னாங்களா?

ரிடையர்டு பிஜி:
சொல்லியிருக்கேன். நின்ன பசங்க ரெண்டு மூணு பேரு. மத்தவங்க நான் திரும்பி நடக்கறதுக்குள்ள எண்ணி முடிச்சிருந்தாங்க.

மாம்பழ டவுன்:
சரி இப்படியே போனா எங்க போயி நிக்கும்? ஏற்காட்டுல காத்து அடர்த்தி கம்மி, அதனால ஒலியோட வேகமும் கம்மியாதான் வரும். ரெசனன்ஸ் காலம் (குழாய்ல இருக்கற காத்த வெச்சு ஒலி வேகம் அளக்கற) எக்ஸ்பெரிமென்ட்லயும் பிள்ளைங்க வேற வேல்யூ எழுதணும். ஜி வேற, கொதிநிலை வேற, ஒலி வேற. ஏற்காட்டுக்குன்னு தனி பிசிக்ஸ் புக் அச்சடிக்கலாமா? பிராக்டிகல் பரீட்சைக்கு எக்ஸ்டர்னல் (வெளிய இருந்து வர்ற தேர்வாளர்) கீழ இருந்து வருவாரு, அவருக்கு இதெல்லாம் புரிய வைக்கறது யாரு?

ரிடையர்டு பிஜி:
ஒலி விஷயத்துல மட்டும் ஒரு திருத்தம். அழுத்தம் குறைஞ்சா அடர்த்தியும் அதே விகிதத்துல குறையுது, ரெண்டும் அடிபட்டுப் போயிரும். ஒலி வேகம் வெப்பத்தத்தான் பாக்கும். 0 டிகிரில 331, ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூடும். ஏற்காட்டுல காலைல 20 டிகிரின்னா 343, அதே நாள் சேலத்துல 35 டிகிரின்னா 352. வேல்யூ வேற வரும்ங்கறது சரி, காரணம் மலை இல்ல, குளிரு. ரூம் டெம்பரேச்சர் எழுதாம ரெசனன்ஸ் காலம் ரிக்கார்டு கொண்டு வந்தா நான் சைன் போட்டதில்ல.

மாம்பழ டவுன்:
எக்ஸ்டர்னல் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

லேப் சாவி:
ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன், நானும் சொல்லிடறேன். கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்ட், எங்கன்னு வேண்டாம். நீங்க எல்லாம் வேல்யூ வேல்யூன்னு பேசறீங்களே அந்த சொல்யூஷன கலக்கறது நாங்க. பிளஸ் டூக்கு பெரஸ் அமோனியம் சல்பேட், பெர்மாங்கனேட் டைட்ரேஷன் தெரியும்ல. பெர்மாங்கனேட் கலக்கி பிரவுன் பாட்டில்ல வெக்கணும், வெளிச்சத்துல வெச்சா கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு பாட்டில் அடியில பழுப்பா படியும், பலம் குறைஞ்சுரும். இரும்பு உப்பு கலக்கறப்ப சல்ஃபியூரிக் ஆசிட் ஊத்தி கலக்கலைன்னா பச்சை போயி மஞ்சள் தட்டும், அதுவும் பலம் குறைஞ்சுரும். அதனால திங்கக்கிழமை கலக்குனது வெள்ளிக்கிழமை அதே வேல்யூ தராது. இதுல பசங்க என்ன பண்றாங்கன்னா போன வருஷ சீனியர் ரிக்கார்ட பாத்து டைட்டர் வேல்யூ (ப்யூரெட்ல இருந்து எத்தன மில்லி இறங்குச்சுங்கறது) எழுதறாங்க. அது போன வருஷ சொல்யூஷனோட வேல்யூ! இந்த வருஷ பாட்டிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு பொண்ணு ஒழுங்கா பிப்பெட்ல 20 மில்லி எடுத்து, ப்யூரெட்ல மேல் விளிம்ப பாத்து (பெர்மாங்கனேட் கருப்பா இருக்கறதால கீழ் வளைவு தெரியாது, மேலதான் பாக்கணும்), சொட்டு சொட்டா விட்டு, லேசான ரோஸ் கலரு நின்னதும் நிறுத்தி, மூணு தடவையும் 19.2 கொண்டு வந்துச்சு. பக்கத்துல எல்லாரும் 18.6. அந்தப் பொண்ணத்தான் எல்லாரும் தப்புன்னு சொன்னாங்க. காலைல நான் போட்டு பாத்தப்ப எனக்கும் 19.2 தான் வந்தது, நான் வாய தொறக்கல.

தட்டுவடை செட்:
ஏன் தொறக்கல? பப்ளிக் பிராக்டிகல் அன்னைக்கு மட்டும் வேல்யூ காதுல சொல்ல வாய் தொறக்குதுல்ல. சால்ட் என்னன்னு சொல்றதுக்கும் தொறக்கும். சும்மா பேசாதீங்கண்ணே, எல்லாரும் அந்த வழியாதான் வந்திருக்கோம்.

லேப் சாவி:
சொல்றவங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல. யாரு சொல்லச் சொல்றாங்கன்னும் கேளுங்க. ஸ்கூல் ரிசல்ட் நூத்துக்கு நூறு வரணும்னு மேல இருந்து வர்ற பிரஷர் எந்த பாரோமீட்டர்லயும் காட்டாது.

கஞ்சமலை காந்தம்:
எங்க பிளஸ் டூல டேன்ஜென்ட் கால்வனோமீட்டர் பண்ணப்ப பூமியோட கிடைமட்ட காந்தப்புலம் 4க்கு பதிலா 3.2ன்னு வந்துச்சு (பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 5 டெஸ்லா). பசங்க எல்லாம் கஞ்சமலைல இரும்பு இருக்கறதாலன்னு சொல்லி சிரிச்சோம். எங்க மேடம் ஒரு வார்த்தை திட்டல, 3.2ன்னே எழுது, ஆனா கஞ்சமலை எத்தனையோ கிலோமீட்டர் தள்ளி இருக்குது, உன் காலுக்கு கீழ என்ன இருக்குன்னு பாருன்னாங்க. பாத்தா இரும்பு ஸ்டூல ஒட்டி உக்காந்து ரீடிங் எடுத்துட்டு இருந்தோம். ஸ்டூல தள்ளி வெச்சதும் ஊசி நகந்துச்சு, அப்பறம் 3.9. ரிக்கார்டுல ரெண்டையும் எழுத வெச்சாங்க, காரணத்தோட. அதுக்கு சைனும் போட்டாங்க. பண்ண முடியாத காரியம் இல்ல.

கோரிமேடு ப்யூரெட்:
இதுக்கு மேல ஒரு உதாரணம் வேண்டாம்தான், இருந்தாலும் சொல்றேன். ரேலே பிரபுன்னு ஒரு விஞ்ஞானி நைட்ரஜன் எடை போட்டாரு. காத்துல இருந்து எடுத்த நைட்ரஜன் ஒரு ஃபிளாஸ்க் நிறைய 2.310 கிராம், அதே ஃபிளாஸ்க்ல கெமிக்கல்ல இருந்து தயாரிச்சது 2.299 கிராம். அரை சதவீதம்தான் வித்தியாசம். தட்டுவடை செட் அண்ணன் அங்க இருந்திருந்தா காப்பில ஒரு சொட்டு தண்ணின்னு ரெண்டையும் ஒண்ணாக்கியிருப்பாரு. ரேலே ஒண்ணாக்கல, அதனாலதான் ராம்சேங்கற விஞ்ஞானியோட சேந்து 1894ல காத்து நைட்ரஜன்ல ஒளிஞ்சிருந்த ஆர்கான் வாயு வெளிய வந்துச்சு, 1904ல ரெண்டு பேருக்கும் நோபல். இதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. மில்லிகன்னு ஒரு விஞ்ஞானி எலக்ட்ரானோட சார்ஜ அளந்து 1913ல 4.774ன்னு போட்டாரு, இன்னைக்கு நமக்கு தெரிஞ்சது 4.803 (அந்த கால யூனிட்ல, பத்தின் அடுக்கு மைனஸ் 10). காத்தோட பிசுபிசுப்புக்கு அவரு எடுத்த மதிப்பு தப்பு. ஃபைன்மன்னு ஒரு பிசிக்ஸ் விஞ்ஞானி 1974ல ஒரு பட்டமளிப்பு விழாவுல இத சொல்லித்தான் கிண்டல் பண்ணாரு, பின்னால வந்தவங்க ஒரேடியா சரியான மதிப்புக்கு போகாம மில்லிகன விட கொஞ்சம் கூட, அதவிட கொஞ்சம் கூடன்னு படிப்படியா ஏறுனாங்கன்னு. ஏன்னா ரொம்ப தள்ளி வந்தா நாமதான் தப்பு பண்ணிட்டோம்னு பயந்து காரணம் தேடுனாங்க, பக்கத்துல வந்தா தேடல. அந்த சிவப்பு பேனா பண்ற வேலையும் அதேதான்.

ரிடையர்டு பிஜி:
ரேலேய இழுக்கறப்ப முழுசா இழுக்கணும் தம்பி. அவரு ஒரு தடவை எடை போட்டுட்டு உலகத்துக்கிட்ட சண்டைக்கு போகல. நைட்ரஜன வேற வேற வழியில தயாரிச்சு, திரும்ப திரும்ப எடை போட்டு, வித்தியாசம் போகவே மாட்டேங்குதுன்னு உறுதியான பிறகுதான் பேசுனாரு. பிளஸ் ஒன் பொண்ணுக்கு ரெண்டு பீரியட், மூணு பேருக்கு ஒரு ஃபிளாஸ்க். அவ ரீடிங் தப்புன்னு நான் சொல்லல, இன்னும் நிரூபணம் ஆகலைன்னு சொல்றேன். நிரூபிக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல, அதே தெர்மாமீட்டர கீழ சேலத்துக்கு கொண்டு வந்து கொதிக்க வெச்சு பாக்கணும். கீழயும் 95 காட்டுனா தெர்மாமீட்டர் கோளாறு, 99 காட்டுனா மலை. இத அந்த ஆசிரியரே வீட்டுப்பாடமா குடுத்திருக்கலாம், குடுக்கல, அது அவரு குறைதான், ஒத்துக்கறேன். ஆனா ஐம்பது பிள்ளைங்க, ஒரு லேப், போர்ஷன் முடிக்கணும், கேஸ் சிலிண்டர் தீரப் போகுது, இந்த நெலமையில நின்னவங்களுக்குத்தான் அவரு ஏன் 100னு எழுதிட்டு நகந்தாருன்னு தெரியும்.

கோரிமேடு ப்யூரெட்:
சார் ஒண்ணு சொன்னீங்க பாருங்க, கீழ கொண்டு வந்து பாக்கணும்னு, அது தங்கம். பழைய சர்வேக்காரங்க மலை உயரத்த அளக்கறதுக்கே தண்ணிய கொதிக்க வெச்சாங்க, ஹிப்சோமீட்டர்னு அதுக்கு ஒரு கருவியே உண்டு. அந்தப் பொண்ணு தெரியாமலே சேர்வராயன் மலைய அளந்திருக்கா. நிரூபணம் ஆகலைன்னா நிரூபணம் ஆகலைன்னு எழுதச் சொல்லலாம் சார், 100னு எழுதச் சொல்றது எப்படி சரியாகும்?

20வது கொண்டைஊசி:
ஸ்கூல் தெர்மாமீட்டர வெளிய குடுக்க மாட்டாங்க, அதனால நான் சேலத்துல லேப் சாமான் விக்கற கடைல சொந்தமா ஒண்ணு வாங்கிட்டேன், 110 வரைக்கும் கோடு போட்டது. சேலத்துல என் ரூம்ல ஆவில வெச்சு பாத்தேன், 99. சனிக்கிழமை வீட்டுக்கு போறப்ப துண்டுல சுத்தி பையில வெச்சு கொண்டு போனேன், பஸ்ஸு ஒவ்வொரு வளைவுலயும் திரும்பறப்ப பைய மடியில புடிச்சுக்கிட்டேன் ஒடஞ்சுட்டா போச்சேன்னு. வீட்டுல தங்கச்சிதான் வெச்சு பாத்தா. 95. தண்ணி தளதளன்னு கொதிச்சு, அடுப்ப எவ்வளவு கூட்டினாலும் அங்கயே நிக்குது, ஒரு கோடு கூட மேல ஏறல. ஃபிரெண்டோட போன்ல பாரோமீட்டர் ஆப் போட்டோம், 851. அம்மா பக்கத்துல நின்னு பாத்துட்டு, அதான் உங்க பாட்டி காலத்துல குக்கர் வர்ற வரைக்கும் பருப்பு வேகவே வேகாதேன்னு சாதாரணமா சொல்லிட்டு போயிட்டாங்க. நியாயமா அவங்ககிட்டதான் சைன் வாங்கணும்.

லேப் சாவி:
அம்மாவுக்கு டிஸ்டிங்ஷன் போடுங்க.

ரிடையர்டு பிஜி:
இப்ப ஒத்துக்கறேன், இது நிரூபணம். ஒரே தெர்மாமீட்டர், ரெண்டு ஊரு, நாலு டிகிரி. இனி ரிக்கார்டுல எப்படி எழுதறதுன்னு பாப்போம். இடது பக்கம் டேபிள்ல கண்ட ரீடிங் 95ன்னு எழுதட்டும். அதுக்கு கீழ காத்தழுத்தம் 851 மில்லிபார், மெர்க்குரில 64 சென்டிமீட்டர் கிட்ட, அந்த அழுத்தத்துல எதிர்பார்க்கற கொதிநிலை 95ன்னு ஒரு வரி. அப்பறம் 76 சென்டிமீட்டர் அழுத்தத்துல 100ன்னு இன்னொரு வரி. சார் கேட்ட 100ம் நோட்டுல இருக்கும், அவ எடுத்த 95ம் இருக்கும், பொய் எங்கயும் இருக்காது. எடுத்துக்கிட்டு போறப்ப கிளாஸ்ல எல்லாரு முன்னாடியும் நீட்ட வேண்டாம். ஸ்டாஃப் ரூம்ல தனியா போயி, சார் இத கொஞ்சம் பாத்து சொல்லுங்கன்னு கேக்கட்டும். பிள்ளைங்க முன்னாடி தப்புன்னு ஆனா எந்த வாத்தியாரும் இறங்கி வர மாட்டாரு, நானும் வந்திருக்க மாட்டேன்.

மாம்பழ டவுன்:
எக்ஸ்டர்னல்?

ரிடையர்டு பிஜி:
வருஷா வருஷம் எக்ஸ்டர்னலா போயிருக்கேன். வைவால "ஏன்மா 95"ன்னு கேட்டா இந்தப் பொண்ணுக்கு சொல்ல பதில் இருக்குது. "ஏன்மா 100"ன்னு கேட்டா மத்தவங்களுக்கு இல்ல. இப்ப நீட் சிலபஸ்லயே எக்ஸ்பெரிமென்டல் ஸ்கில்ஸ்னு ஒரு யூனிட் இருக்குது, வெர்னியர், ஸ்க்ரூ கேஜ், பெண்டுலம் எல்லாம் அதுல வருது.

மாம்பழ டவுன்:
நீட்ல கொதிநிலை கேட்டா ஆன்சர் 100 தான் சார். 95ன்னு டிக் பண்ணா மைனஸ் ஒண்ணு.

மூக்கனேரி கொக்கு:
கேள்வில அழுத்தம் என்னன்னு குடுத்திருப்பாங்க. அத படிக்கறதுக்குத்தான் இவ்வளவும்.

தட்டுவடை செட்:
எல்லாரும் நல்லா பேசறீங்க, கேக்க நல்லா இருக்குது. ஆனா பேசறவங்க யாருக்கும் இப்ப ரிக்கார்டு சைன் வாங்க வேண்டிய வேலை இல்ல. ஒருத்தர் ஓய்வூதியம் வாங்குறாரு, ஒருத்தர் பிஎச்டி பண்றாரு, ஒருத்தர் சாவி வெச்சிருக்காரு. எங்க அண்ணன் மக ஒருத்தி இதே மாதிரி ஒரு வேல்யூக்கு நின்னா, நின்ன வருஷம் பூரா அந்த லேப்ல அவளுக்கு ஒடஞ்ச ப்யூரெட்தான் கிடைச்சுது. வேல்யூ சரியா தப்பான்னு நான் பேசவே இல்ல. 95 தான் சரின்னு முதல் நாள்ல இருந்தே எனக்கும் தெரியும், குக்கர் இல்லாம ஏற்காட்டுல சமைச்சிருக்கேன். நான் சொல்றது அந்தப் பிள்ளை இன்னும் ஒண்ணரை வருஷம் அந்த லேப்புக்குத்தான் போகணும்ங்கறது. கைதட்டுன ப்யூரெட் தம்பி கூட போயி நிப்பாரா?

கோரிமேடு ப்யூரெட்:
நிக்க முடியாதுதான். ஆனா 100னு எழுதுனா ஒடஞ்ச ப்யூரெட் கிடைக்காதுங்கறதுக்காக எழுதறோம்னு வெளிப்படையா சொல்லிட்டு எழுதுங்க. தெர்மாமீட்டர் ரிப்பேர், வெதர் ஆப்ல 1012ன்னு அதுக்கு சயின்ஸ் பூசாதீங்க. எனக்கு அதான் கடுப்பு.

மாம்பழ டவுன்:
என்னைய எதுக்கு குத்தறீங்க, நான் கேள்விதான் கேட்டேன்.

20வது கொண்டைஊசி:
அப்டேட். பிஜி சார் சொன்ன மாதிரியே எழுதி, சேலம் ரீடிங்கையும் சேத்து, ஸ்டாஃப் ரூம்ல தனியா குடுத்திருக்கா. அவரு முழுசா படிச்சாராம். "யாரு சொல்லிக் குடுத்தா"ன்னு கேட்டிருக்காரு, இவ "அண்ணன் தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்தான், நானே பாத்தேன்"னு சொல்லியிருக்கா. அவரு சிரிக்கவும் இல்ல, திட்டவும் இல்ல. லேப் அலமாரில ஒரு பழைய ஃபோர்ட்டின் பாரோமீட்டர் (மெர்க்குரி வெச்சு காத்தழுத்தம் அளக்கற கருவி) தொங்குது, அத யாரும் தொட்டு வருஷக்கணக்காச்சாம், அதுல என்ன காட்டுதுன்னு நாளைக்கு பாத்து எழுதிட்டு வான்னு சொல்லியிருக்காரு. சைன் இன்னும் போடல. எச்எம் கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னாராம், எச்எம் திங்கக்கிழமைதான் வருவாங்க.

ரிடையர்டு பிஜி:
ஃபோர்ட்டின்ல பாக்கறதுக்கு முன்னாடி கீழ இருக்கற ஸ்க்ரூவ திருப்பி மெர்க்குரி மட்டம் அந்த தந்த முனைய தொடற மாதிரி வெக்கச் சொல்லுங்க. மறந்தா ரீடிங் தப்பாயிரும், அப்பறம் 64 வரலைன்னு அதுக்கு ஒரு பஞ்சாயத்து வரும்.

தட்டுவடை செட்:
திங்கக்கிழமை சைன் வாங்கிட்டு வந்து சொல்லுங்க தம்பி. அது வரைக்கும் நான் சொன்னது நிக்குது.